பங்குனிச் சேறும் பயணப் பறவைகளும்: திருகோணமலை மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

கொட்டியாரக் குடாவின் கரைகளிலும், நிலாவெளி தொடங்கிப் புல்மோட்டை வரை நீண்டு கிடக்கும் கடலோரக் கிராமங்களிலும், தம்பலகாமம், கந்தளாய் வயற்புறங்களிலும் வாழ்கின்ற அன்பார்ந்த பெருமக்களே! களப்போரங்களிலும் உப்பள வரம்புகளிலும் அதிகாலையிலும் அந்தியிலும் நின்று பறவைகளைப் பார்த்து, எண்ணி, எழுதி வருவதைப் பல வருஷங்களாக வழக்கமாகக் கொண்ட சிலர் நாங்கள். எம்மிடையே ஆசிரியரும் உண்டு, கடற்றொழிலாளரும் உண்டு, உப்பளத்தில் உழைத்து ஓய்ந்தவரும் உண்டு. வருஷத்தில் ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு, அதாவது பங்குனி பிறந்தது முதல் சித்திரை முடியும் வரையில், நம் மாவட்டத்துக் களப்புகளின் சேற்றுநிலத்தை அங்கே ஆகாரம் தேடும் பறவைகளின் உபயோகத்துக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கின்றோம்.

மாரிமழைக்கு முன்னும் பின்னுமாக வடக்கேயிருந்து வந்து இறங்குகின்ற பறவைகளை நம்மவர் அறிவர். நீலச்சிறகிகள் குளங்களில் கூட்டங் கூட்டமாய் மிதப்பதையும், தகைவிலான்கள் தந்திக் கம்பிகளில் வரிசையாக அமர்வதையும், ஆறுமணிக்குருவி கொல்லைப்புறத்துப் பற்றைக்குள்ளிருந்து விடியலிலும் பொழுதுசாயும் வேளையிலும் குரல் கொடுப்பதையும் பார்த்தும் கேட்டும் பழகிய மக்கள் நாம். ஆனால் அதே பறவைகள் திரும்பிப் போகின்ற மாதங்களைக் கவனிப்போர் மிகச் சிலரே. வரும்போது சாம்பலும் மங்கிய பழுப்புமாக, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடியாத கோலத்தில் வருகின்ற கரைப்பறவைகள், பங்குனி நடுப்பகுதிக்குள் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன பூண்டு, இனப்பெருக்கத்துக்குரிய வர்ணத்தோடு நிற்கின்றன. வளைந்த அலகுடைய உள்ளானின் மார்பு சுட்ட செங்கல்லின் நிறமடைகிறது; பொன் உப்புக்கொத்தியின் வயிறு கன்னங்கரேலென்றாகி, முதுகிலே தங்கப் பொட்டுகள் பரவுகின்றன; கருவால் மூக்கனின் கழுத்தில் செம்பு நிறம் ஏறுகிறது. இவ்வளவு அழகிய காட்சி ஊருக்கு மிக அருகில் நிகழ்ந்தும், பறவை காண்பதற்கென்று குமணவுக்கும் பூந்தலைக்கும் பயணப்படுகின்ற நம் பிள்ளைகள் அதை அறியாதிருக்கின்றார்களே என்பது எங்கள் மனத்தை வெகுகாலமாக உறுத்திவருகிறது.

இந்தப் பறவைகள் புறப்படுகின்ற காலத்தில் நம் களப்புகளை ஏன் நாடுகின்றன என்பதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. இலங்கையின் கரைகளில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆகையால் மற்றத் தேசங்களிற் போல நாளுக்கு இருமுறை கடல் விலகிப் பெருஞ்சேற்றுவெளி புலப்படுவது இங்கே இல்லை. அந்த வேலையை நமக்குப் பருவமே செய்கிறது. வடகீழ்ப் பருவமழையால் நிரம்பி வழிந்த களப்புகள் மாசிக்குப் பின் வெயிலில் மெல்ல மெல்ல வற்றுகின்றன. வற்ற வற்ற, புழுவும் கூனியும் பூச்சிகளின் குடம்பிகளும் செறிந்த சேறு விரல் விரலாக வெளிப்படுகிறது. இறக்கக்கண்டிப் பாலத்தடியிலும், குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களைச் சூழ்ந்த தாழ்நிலங்களிலும், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் கண்டற்காடு அருகிய கரைகளிலும் இதை யாரும் காணலாம். வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு இடையிலுள்ள அந்த அமைதியான வாரங்களில், பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைப் பறவை தன் உடம்பில் சேமித்துக்கொள்வது இந்தச் சேற்றிலிருந்துதான்.

அந்தப் பயணம் எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கொசு உள்ளான் என்னும் சிறு பறவையின் எடை ஏறக்குறைய 25 கிராம். அது முட்டையிடுவதோ வடதுருவத்தை அடுத்த உறைபனிச் சமவெளியில். நீண்ட தூரம் பறக்கின்ற கரைப்பறவைகள் புறப்படுமுன் தம் இயல்பான எடையிற் பாதிக்கு மேல் கொழுப்பாக ஏற்றிக்கொள்வதுண்டு; சில இனங்கள் பாரத்தைக் குறைப்பதற்காகத் தம் குடலையும் இரைப்பையையுமே சுருக்கிக்கொண்டு பறக்கின்றன. 2021ஆம் ஆண்டு மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று, இந்தியாவையும் மத்திய ஆசிய நாடுகளையும் கடந்து, ருஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பத்தைச் சென்றடைந்தது. மன்னாருக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரம் அந்தப் பறவைக்கு ஒரு காலைப்பொழுதின் காரியம் அல்லவா?

இனி, நாங்கள் கண்ணாரக் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். சித்திரைப் புதுவருஷ விடுமுறையில் ஒரு மாலை, வற்றிய களப்பின் சேற்றுத்தரையில் இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிள் ஓட்டி மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். இருநூறுக்குக் குறையாத உள்ளான்கள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கூட்டம் ஒன்பது முறை எழுந்து, வட்டமிட்டு, இறங்க இடம் தேடித் தவித்தது. ஒன்பதாம் முறை எழுந்தது திரும்பவேயில்லை. எழும் ஒவ்வொரு தடவையும் அது செலவிட்டது, கடலையும் மலைகளையும் தாண்டுவதற்கென்று சேர்த்து வைத்த கொழுப்பை. அந்த இளைஞர்கள் துஷ்டர்கள் அல்லர். விஷயத்தை எடுத்துச் சொன்னபோது வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார்கள். “இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே, ஐயா” என்றார் அவர்களில் ஒருவர். அந்தச் சொல்லே இந்த வேண்டுகோளுக்குக் காரணமாயிற்று.

கரைவலை இழுக்கும் சகோதரர்களிடத்தும், கூனி பிடிக்கும் பெண்களிடத்தும் எங்களுக்கு எவ்வித முறைப்பாடும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிதானமாக நடந்து தம் தொழிலைப் பார்ப்போருக்குப் பறவைகள் இருபதடி விலகிக் கொடுத்து மீண்டும் மேய்கின்றன. அவை அஞ்சுவது ஓட்டத்துக்கும் சத்தத்துக்கும் நாய்க்கும். ஆகவே பங்குனியிலும் சித்திரையிலும் வாகனங்களைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வரம்பு வழியே நடந்து வாருங்கள். களப்போரத்தில் சீனவெடி கொளுத்துவதைத் தவிருங்கள். வளர்ப்பு நாய்களைச் சேற்றில் அவிழ்த்துவிடாதீர்கள். சோற்றுப் பார்சல்களைக் கடற்கரையில் எறிந்துவிட்டுப் போவதனால் பெருகுகின்ற காகங்களும் கட்டாக்காலி நாய்களும் அடுத்த மாதமே வேறொரு தீங்கைச் செய்கின்றன. வடக்கே போகாமல் நம்மோடு தங்கி வாழும் சிற்றாலாவும் சிறு உப்புக்கொத்தியும் கோடையில் வெறும் மணலில், மாட்டின் குளம்புச் சுவடு போன்ற குழியில், மணல் நிறத்திலேயே முட்டையிடுகின்றன. இவ்வுப்புக்கொத்தியைத் தனியொரு இனமென்று அறிஞர் ஏற்று அனுமான் பெயரைச் சூட்டியது 2023இல்தான். இராமாயணத்தோடு இணைந்த பெயருடைய பறவை நம் காலடியில் மிதிபடலாகாது. புறாத்தீவுக்குச் செல்வோரும் பாறைகளின் மேலேறிக் கூடுகளைக் கலைக்காதிருக்க வேண்டும். அந்நியர் ஆட்சியில் துப்பாக்கிப் பயிற்சித் தளமாயிருந்த அத்தீவு, 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

காட்டுப் பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதலே நாட்டில் இருக்கிறது. ஆயினும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் பிரகடனம் செய்யப்பட்ட ஆறு ஈரநிலங்களில் ஒன்றேனும் நம் மாவட்டத்தில் இல்லை. அத்தகைய தகுதியைக் கோருவதற்கு வருஷக்கணக்கான எண்ணிக்கைகள் வேண்டும்; நம் கைகளிலோ அவை சொற்பம். பீரங்கிப் படை அதிகாரியாக இத்தீவில் பணியாற்றிய வில்லியம் வின்சென்ட் லெக் என்னும் அவுஸ்திரேலியர், 1880இல் நிறைவுற்ற தம் பெருநூலிலே திருகோணமலைப் பிரதேசத்தில் தாம் கண்ட பறவைகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். அதன்பின் வந்த தலைமுறைகளில், விசேஷமாக யுத்தம் நீடித்த தசாப்தங்களில், களப்புகளின் கரையில் நின்று எண்ணுவதற்கு யாருக்குத்தான் முடிந்தது?

ஆகையால், சேற்றை விட்டுக்கொடுங்கள் என்ற வேண்டுகோளோடு இன்னுமொன்றையும் சேர்த்துக் கேட்கின்றோம். பாடசாலைகளிலும், கோவில், பள்ளிவாசல், விகாரை, தேவாலய முற்றங்களிலும் இச்செய்தியை எடுத்துச் சொல்வதோடு, உங்கள் வீட்டிலிருந்து ஒருவரை வாரத்துக்கு ஒரு நாளாவது அருகிலுள்ள களப்பின் வரம்புக்கு அனுப்புங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். தேதி, இடம், நேரம், காற்று வீசும் திசை ஆகியவற்றை முதலில் எழுதட்டும். பெயர் தெரியாத பறவையானால் காலின் நிறத்தையும் அலகின் வளைவையும் எழுதட்டும். கூட்டம் பெரிதாயின் “பல” என்று எழுதாமல் பத்துப் பத்தாக எண்ணி எழுதட்டும். சித்திரை பிற்பகுதியில் ஒரு நாள் வரம்பில் போய் நிற்கையில் சேறு வெறுமையாய்க் கிடக்கும். அன்று எழுத எதுவுமில்லையென்று திரும்பிவிடாமல், அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.