கடன் தலைவிதியா, கணக்கா?

கடன்பட்டுத் தவிக்கும் ஒரு மனிதனைப் பார்த்து, "ஏனப்பா உனக்கு இந்தக் கதி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏழரைச் சனி" என்பான். "போன ஜென்மத்துப் பாவம்" என்பான். "எல்லாம் தலையெழுத்து" என்பான். "நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கினேன், அதனால் தீரவில்லை" என்று மாத்திரம் சொல்லமாட்டான். எத்தனையாவது ராசியில் சனி நிற்கிறதென்று தெரிந்து வைத்திருக்கிறவனுக்கு, தான் இதுவரை கட்டிய வட்டி மொத்தம் எவ்வளவு என்பது தெரிவதில்லை. இந்த அறியாமைதான் வட்டிக்காரனுடைய மூலதனம்.

இந்த அறியாமையை வளர்ப்பதற்கென்றே நாட்டில் ஒரு வியாபாரம் நடக்கின்றது. "மைத்ர முகூர்த்தம்" என்று ஒரு நேரம் உண்டாம். அந்த நேரம் பார்த்து அசலில் ஒரு சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மீதிக் கடன் தானாகவே சீக்கிரம் அடைந்துவிடுமாம். படித்தவர்கள்கூட இதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அசலில் ஒரு தொகையைக் கொடுத்தால் கடன் குறையும் என்பது உண்மையே. அது எந்த நேரத்தில் கொடுத்தாலும் குறையும். ராகு காலத்தில் கொடுத்தாலும் குறையும். ஆனால் நல்ல நேரம் வருகிறவரை பத்து நாள் காத்திருந்தால், அந்தப் பத்து நாளைக்கும் வட்டி உண்டு என்பதை மாத்திரம் எந்த ஜோசியனும் சொல்லுவதில்லை. இது போதாதென்று, கடன் தீர்ப்பதற்கென்றே கும்பகோணத்துப் பக்கம் திருச்சேறையில் ருண விமோசன லிங்கம் என்று ஒரு சாமியையும் வைத்திருக்கிறார்கள். கடன்காரன் அங்கே போவதற்குப் பஸ் செலவும், அர்ச்சனைச் செலவும் கடன் வாங்கியே செய்யவேண்டியிருக்கின்றது.

சாமிகளுடைய யோக்கியதையைத்தான் பார்ப்போமே! திருப்பதி வெங்கடாசலபதி தன்னுடைய கல்யாணத்திற்குக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பதும், கலியுகம் முடிகிறவரைக்கும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார் என்பதும், பக்தர்கள் உண்டியலில் போடும் காணிக்கை அதற்காகத்தான் என்பதும் அந்த ஸ்தலத்தின் புராணம். நாம் கற்பித்துச் சொன்ன கதையல்ல. உலகத்திலேயே பெரிய பணக்காரக் கோயில்களில் ஒன்றின் சொந்தக்காரரே தன் கல்யாணக் கடனை அடைக்க முடியாமல் இருக்கிறாரென்றால், அவரிடத்தில் போய்த் தன் கடனைத் தீர்க்கும்படி வேண்டிக்கொள்ளுகிறவனுடைய புத்தியை என்னவென்று சொல்லுவது?

கடன் விஷயத்தில் சாஸ்திரம் சொல்லுவதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதன் தேவர்களுக்கும், ரிஷிகளுக்கும், பிதிர்களுக்கும் மூன்று கடன்களைத் தீர்த்தாக வேண்டுமென்று மனுதர்மம் சொல்லுகின்றது. அதாவது பையில் காலணா இல்லாத குழந்தையும் கடனாளியே. அதோடு நிற்கவில்லை. மனுவின் எட்டாவது அத்தியாயம் வட்டி விகிதத்தையே ஜாதிவாரியாக வகுத்திருக்கின்றது. மாதம் நூற்றுக்குப் பிராமணனிடத்தில் 2, க்ஷத்திரியனிடத்தில் 3, வைசியனிடத்தில் 4, சூத்திரனிடத்தில் 5 வாங்கலாமாம். கடனைக் கொடுக்க முடியாதவன் சமஜாதியானாகவோ கீழ்ஜாதியானாகவோ இருந்தால் உடலுழைப்பால் கழிக்கவேண்டும். மேல்ஜாதியானாக இருந்தால் கையில் கிடைக்கும்போது சிறுகச் சிறுகக் கொடுத்தால் போதும் என்றும் அதே அத்தியாயம் கூறுகின்றது. ஏழைக்கு அதிக வட்டி, இருக்கிறவனுக்குக் குறைந்த வட்டி என்பது இன்று நேற்று வந்த ஏற்பாடல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? இன்றைக்கு அரசாங்கச் சம்பளக்காரனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று வங்கிக்காரன் வலிய வந்து கொடுக்கிறான். தள்ளுவண்டிக்காரனுக்கோ மாதம் ஐந்து, பத்து. கடனுக்காக மனிதனையே அடிமையாக வேலை வாங்கும் கொத்தடிமை முறையைச் சட்டத்தினால் ஒழிப்பதற்கு 1976 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

நிற்க. இனி கணக்குக்கு வருவோம்.

தண்டல் என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. 10,000 ரூபாய் என்று பேசி, 1,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பான். தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று வாங்குகிறவன் நினைக்கிறான். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டே இருக்கின்றது. அவன் கையில் சராசரி பாதிப் பணங்கூட நிற்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 120 ஆகிறது. தண்டலைவிடப் பொல்லாதது மாத வட்டிக் கடன். ஏனென்றால் தண்டலாவது நூறு நாளில் முடிந்துபோகும். மாத வட்டிக்காரன் அசலைச் சிறுகச் சிறுக வாங்கவே மாட்டான். "வட்டியைக் கொடு, அசலைக் கொடுப்பதானால் முழுசாகக் கொண்டுவா" என்பான். அவனுக்கு வேண்டியது கடன் தீருவதல்ல, தீராமல் இருப்பது. இந்த ஒரு நிபந்தனையில்தான் ஏழையின் கழுத்து சிக்கிக்கொண்டிருக்கின்றது.

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஒருவனுக்கு 36,000 ரூபாய் கடன், ஐந்து வட்டி. மாதம் 1,800 வட்டிக்கே போய்விடும். அவன் எப்படியோ மிச்சம் பிடித்து மாதம் 4,200 ஒதுக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுவோம். வட்டி போக 2,400 மிஞ்சும். அது 36,000 ஆகச் சேருவதற்கு 15 மாதம் ஆகும். அதற்குள் அவன் கட்டிய வட்டி 27,000. அதுவும் அந்தப் பதினைந்து மாதமும் வீட்டுப் பானையில் பணம் சும்மா கிடக்கவேண்டும். கிடக்குமா? மூன்றாம் மாதம் மாமனார் வீட்டுக் காதுகுத்து வரும்; ஐந்தாம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்; சேர்த்தது கரைந்துபோகும். வட்டி மாத்திரம் கரையாது.

இப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர் ஒரே ஊரில் இருக்கிறார்கள். பத்துப் பேரும் ஒன்று சேர்ந்து, ஆளுக்கு 4,200 வீதம் 42,000 ரூபாயை மாதாமாதம் ஒரே இடத்தில் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். முதல் மாதம் பத்துப் பேருக்கும் வட்டி 18,000 போக 24,000 நிற்கும். இரண்டாம் மாத முடிவில் அது 48,000 ஆகும். அதில் 36,000-ஐ எடுத்து ஒருவனுடைய அசலை அடியோடு அடைத்துவிடலாம். அடைத்தவுடனே மாத வட்டியில் 1,800 குறைகிறது. அந்த 1,800-ம் அடுத்தவனுடைய அசலுக்குப் போகின்றது. மூன்றாம் மாதம் இரண்டாமவன். நாலாம் மாதம் பணம் போதாது, ஒருவரும் விடுபடமாட்டார்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து மாதம் ஒருவராகக் கழன்றுகொண்டே வந்து, பன்னிரண்டாவது மாதம் பத்தாவது ஆளுடைய கடனும் தீர்ந்து, கையில் 12,600 மீதியும் இருக்கின்றது. பத்துப் பேரும் சேர்ந்து கட்டிய வட்டி மொத்தம் 1,31,400. தனித்தனியே கட்டியிருந்தால் 2,70,000. ஒருவனும் ஒரு பைசாகூட அதிகமாகச் சம்பாதிக்கவில்லை. எந்தக் கிரகமும் இடம் மாறவில்லை. சும்மா கிடந்திருக்கவேண்டிய பணம் சும்மா கிடக்கவில்லை என்பதுதான் இதில் உள்ள அற்புதமெல்லாம். சந்தேகப்படுகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் மாதவாரியாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

"இரண்டாம் மாதம் கடன் தீர்ந்தவன் மூன்றாம் மாதம் பணம் கட்டாமல் ஓடிவிட்டால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் சத்தியப் பிரமாணத்தையோ, சாமி படத்தின்மேல் கற்பூரம் அணைப்பதையோ வழியாகச் சொல்லமாட்டோம். கற்பூரம் அணைத்தவர்கள் ஓடியதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தொழிலும் வருமானமும் தெரிந்தவர்களாகச் சேரவேண்டும். முதலில் விடுபடுகிறவன் மீதி மாதங்களுக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். அதிலும் தொகை எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கக்கூடாது, அது வட்டிக்காரன் வேலை. யாருடையதை முதலில் அடைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கியோ, பெரிய மனிதன் தாட்சண்யத்தினாலோ தீர்மானிக்கக்கூடாது. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அது முதலில். வங்கி நகைக் கடன் கடைசியில். பணம் ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்காமல், மூன்று பேர் கையெழுத்தில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருக்கவேண்டும். மாதாமாதம் வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பத்துப் பேரும் ஒரே ஜாதியாராக இருக்கக்கூடாது என்பது நம் அபிப்பிராயம். ஜாதிச் சங்கத்தின் பணத்தில் தீருகிற கடன், ஜாதித் தலைவனிடத்தில் வேறு உருவத்தில் நிற்கும். தேர்தல் வந்தால் அதற்கு வட்டி கேட்பான். பெண்களையும் சேர்க்கவேண்டும், அதுவும் கணவன் பெயரில் அல்ல, அவர்கள் பெயரிலேயே. இன்று கிராமங்களில் கடனை வாங்குவதும் கட்டுவதும் பெரும்பாலும் பெண்களே என்பது எந்த வசூல்காரனைக் கேட்டாலும் தெரியும்.

சேர்ந்து நிற்பது என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கூட்டுறவுச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்டது. 1989-ல் தர்மபுரியில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. ஆனால் சேர்ந்து நிற்பதன் வலுவை நம்மைவிட நன்றாகத் தெரிந்துகொண்டவன் கடன் கொடுக்கிற கம்பெனிக்காரன். அவன் பெண்களைப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுகிறான். தவணை தவறினால் அவன் வரவேண்டியதில்லை. அண்டை வீட்டு அக்காளும் தங்கையுமே அவள் வாசலில் போய் உட்காருகிறார்கள். சம்பளமில்லாத பத்து வசூல்காரிகள்! இதே பத்துப் பேர் கடன் வாங்குவதற்கு ஒன்று சேரலாமாம், கடனை ஒழிப்பதற்கு ஒன்று சேரக்கூடாதா என்று கேட்கின்றோம்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கின்றது. ஊரே கூடி ஒருவனுக்குப் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. நோட்டில் எழுதி வைத்து, அவன் பிறகு மற்றவர்களுக்குத் திருப்பிச் செய்கிறான். புரோகிதனும் இல்லை, ஜாமீனும் இல்லை. இதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் வந்த பணத்தில் ஒரு பங்கை ஆட்டுக்கறிக்கும் பந்தலுக்கும் பேனருக்கும் கொடுத்துவிடுவதை எப்படிப் பாராட்டுவது? நோட்டுப் புத்தகம் வேண்டும், பேனர் எதற்கு?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் மற்றொன்றும் வந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே, 2017 அக்டோபரில், மனுக்கள் கொடுத்தும் பயனில்லாமல் ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே தீக்கு இரையானதும் நடந்தது. ஆகவே சட்டத்தை உபயோகிக்கவும் பின்னால் பத்துப் பேர் வேண்டும். தனி மனிதன் மனு கொடுத்தால் அது காகிதம். பத்துப் பேர் வட்டிக் கணக்கோடு போய் நின்றால் அதிகாரி நாற்காலியை நகர்த்தி உட்காருவான்.

மாதம் 4,200-க்கு எங்கே போவது என்று கேட்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையார் கூலியே போதாதவர்கள். அவர்களுக்குச் சிக்கனம் உபதேசிப்பது அயோக்கியத்தனம். அவர்களுக்கு வேண்டியது கூலி உயர்வு. மற்ற வகையாருக்குச் சொல்லுகிறோம்: நீங்கள் கடன் வாங்கியது எதற்கு என்று நினைத்துப் பாருங்கள். மண்டபமும், சீரும், மஞ்சள் நீராட்டும், திதியும், நேர்த்திக்கடனும்தானே? சாமிக்குச் செய்வதற்கும் "கடன்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! 1928-ல் சுக்கிலநத்தத்தில் புரோகிதனில்லாமல் கல்யாணம் நடந்து, 1967-ல் அண்ணா ஆட்சியில் அந்த முறை செல்லுபடியாகும் என்று சட்டமும் நிறைவேறிவிட்டது. இரண்டு மாலையில் முடிகிற காரியத்திற்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிவிட்டு, மேடையில் மாத்திரம் நம் இயக்கத்துத் தலைவர்களை உட்காரவைக்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

முன்னே சொன்ன கணக்கில் பன்னிரண்டாம் மாதம் 12,600 மிஞ்சுகிறதல்லவா? அதை ஆளுக்கு 1,260 என்று பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லக்கூடும்; விருந்து வைத்துவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். பிரித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை அப்படியே அடுத்த தெருவில் தொடங்கும் பத்துப் பேருக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்தால், அவர்கள் முதல் மாத முடிவிலேயே 36,600 கையில் வைத்துக்கொண்டு முதல் ஆளை விடுவித்துவிடுவார்கள்.