பெட்டியை விற்றவர் கீரையையும் வாங்கட்டும்

"மண்ணும் வேண்டாம், வளவும் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே மரக்கறி பயிரிட்டு வருமானம் தேடலாம்" என்ற விளம்பரம் இன்று எமது கைத்தொலைபேசிகளுக்கெல்லாம் வருகிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சிறு பம்பி, மேலே ஒரு மின்விளக்கு, கூடவே ஒரு போத்தல் ஊட்டக் கரைசல். இதை இறக்கி விற்றால் ஓடுமா என்று வர்த்தக சகோதரர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஓடும். ஆனால் அந்த ஓட்டம் எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

இந்தப் பொருளுக்கு எமதூர்களில் ஆசை பிறப்பதில் வியப்பில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மருதமுனையும் நெருங்கிக் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்ததில் வளவு முடிந்துவிட்டது. வெள்ளைப்பூடு நடக்கூட இடமில்லாத வீட்டில் செடி வளர்க்கலாம் என்றால் யார்தான் விரும்பமாட்டார்கள்?

இத்தொழில் பொய்யுமல்ல. செடிக்குத் தேவை மண்ணல்ல. மண்ணிலுள்ள நீரும் உப்புச் சத்துகளும் வேருக்குக் காற்றும்தான். அவற்றை நேரடியாகக் கொடுப்பதே மண்ணில்லாப் பயிர்ச்செய்கை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக்கே என்பவர் 1937 இல் இதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் பிரபலப்படுத்தினார். எமது நாட்டில் இதற்கெனவே அல்பேர்ட் கலவை என்ற உரம் பொதிகளில் கிடைக்கிறது. உலகெங்கும் இம்முறையில் பயிரிடுவோர் வாங்கும் தும்புத்தூளை இலங்கையும் ஏற்றுமதி செய்கிறது.

ஆனால் நான் பட்டதைச் சொல்லாமல் இருப்பது முறையல்ல. சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு டசின் பெட்டிகளை எடுத்து வந்து தவணைக்கு விற்றேன். வாங்கியவர்களில் அதிகமானோர் சுயதொழில் தேடிய பெண்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சகோதரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "காக்கா, கீரை நல்லாத்தான் வந்திச்சி. ஆனா ஆருக்கிட்டக் குடுக்கிற? கரண்டு பில்லும் கூடிப்போச்சி" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பெட்டியைத் திருப்பி எடுத்து, கட்டிய தவணையையும் கொடுத்தேன். நட்டம் பெரிதல்ல, வெட்கம்தான் பெரிது. வாங்குபவரைப் பற்றி யோசிக்காமல் விற்றிருக்கிறேன்.

மின்சாரக் கணக்கைப் பாருங்கள். 40 வோற்ஸ் விளக்கொன்று நாளுக்கு 14 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்குச் சுமார் 17 அலகு. வீட்டு மின்கட்டணமோ 30, 60, 90 அலகு என்று படிப்படியாக ஏறுவது. அந்த 17 அலகு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளினால் கீரையின் இலாபம் பட்டியலிலேயே போய்விடும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எப்படிக் கூடியது என்பதை நாம் மறக்கவில்லை. வருடம் முழுவதும் நாளுக்குச் சுமார் 12 மணித்தியாலம் அல்லாஹ் இலவசமாக வெளிச்சம் தரும் ஊரில் விளக்கைக் காசுக்கு வாங்குவது என்ன வியாபாரம்?

பெரிய கம்பனிகளே இதில் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவில் விளக்கொளியில் கீரை வளர்த்த ஏரோபாம்ஸ் நிறுவனம் 2023 ஜூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. பௌவரி என்ற நிறுவனம் 2024 நவம்பரில் மூடப்பட்டது. ஆனால் துபாயில் 2022 இல் திறக்கப்பட்ட புஸ்தானிக்கா பண்ணைக்கு ஒரு பலம் இருந்தது. அதைத் தொடங்கிய பங்காளிகளில் ஒருவர் எமிரேட்ஸ் விமானங்களுக்கு உணவு வழங்கும் நிறுவனம். கீரை முளைக்கும் முன்பே அதை உண்பவர் விமானத்தில் ஆசனம் பதிந்திருந்தார்.

இந்தப் பாடத்துக்குத் துபாய் வரை போகவும் தேவையில்லை. மருதமுனை நெசவைப் பாருங்கள். முதலாளி நூலைக் கொடுப்பார். வீட்டில் நெய்த சாரனையும் சாரியையும் அவரே எடுப்பார். நெய்தவர் சந்தையைத் தேடி அலைவதில்லை. கூலி போதுமா என்பது வேறு பிரச்சினை. ஆனால் நூல் விற்றதோடு முதலாளியின் பொறுப்பு முடிவதில்லை. பெட்டி விற்பவரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே எனது கருத்து. விளைந்த இலையைத் திருப்பி வாங்க முடியாதவர் அந்தப் பெட்டியை வருமானப் பொருள் என்று சொல்லி விற்கக் கூடாது.

வாங்க ஆள் உண்டா? உண்டு. புதினா, மல்லி இலை, செலரி, சலட் இலை ஆகியவை மலைநாட்டிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் லொறியில் வந்து சேரும்போது பாதி வாடிவிடும். கலியாண வீட்டுப் புரியாணிக்கும், றமழானில் கஞ்சிக்கும், ஹோட்டல்களுக்கும் பசிய இலை வேண்டும். அறுகம்பையில் மே முதல் ஒக்டோபர் வரை வெளிநாட்டார் கூட்டம். நவம்பரில் அந்தக் கேள்வி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வாய்க்கால் ஓரத்தில் தானே வளரும் கங்குனை உரம் வாங்கி வளர்த்தால் நட்டம்தான்.

பெட்டியும் விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பேர்னாட் கிராட்கி பம்பியும் மின்சாரமும் இல்லாத முறையைக் காட்டியிருக்கிறார். மீன் வியாபாரிகள் பாவிக்கும் ரிஜிபோம் பெட்டிக்குள் கறுப்புப் பொலித்தீன் விரித்துக் கரைசல் ஊற்றி, மூடியில் துளையிட்டுச் செடி வைப்பதுதான். நீர் குறையக் குறைய மேல் வேர் காற்றில் மூச்சு விடும். பெட்டிக்குப் பத்துச் செடி. சலட் இலை அறுக்க ஆறு வாரம் எடுக்குமென்றால், வாரந்தோறும் பத்துச் செடி கொடுக்க ஆறு பெட்டி வேண்டும். வாரம் ஒரு பெட்டியாக நட வேண்டும். ஒரு பெட்டி வைத்திருப்பவரிடம் எந்த ஹோட்டலும் ஓடர் தராது. விறாந்தையில் மழைக்குக் கண்ணாடித் தகடும் நண்பகல் வெயிலுக்கு நிழல் வலையும் போதும். சலட் இலை வெக்கையில் கசக்கும். வெப்பம் தாங்கும் வகையையே எடுக்க வேண்டும்.

விற்பவர் சொல்லியே ஆக வேண்டிய குறைகளும் உள்ளன. சுனாமிக்குப் பின் கடலோரக் கிணறுகள் பல உவராகின. உவர் நீரில் இது சரிவராது, நீரைப் பரிசோதிக்க வேண்டும். மூடியில் இடைவெளி இருந்தால் நுளம்பு பெருகும். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். "இரசாயனமற்ற கீரை" என்று விற்பதும் தவறு. அந்த நீரில் கரைந்திருப்பதே இரசாயன உரம்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு நவம்பரில் நீங்கியது. ஆகவே சில மாதத்துக்கான உரம் கையிருப்பில் இருப்பது நல்லது.

பொருளின் குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே முதலில் பத்து ஹோட்டல்களுக்கும் சமையல்காரர்களுக்கும் போய் வாரத்துக்கு எவ்வளவு இலை வேண்டும் என்று எழுதி எடுங்கள். பிறகு அந்த அளவுக்கு மட்டும் பெட்டி கொடுங்கள். இலையை நீங்களே எடுத்து, அன்றைக்கே காசைக் கொடுங்கள். வட்டிக் கடனில் பெட்டி வாங்க எந்தச் சகோதரியையும் தூண்டாதீர்கள். அப்படிச் செய்தால் இன்ஷா அல்லாஹ் அவருக்கும் வருமானம், உங்களுக்கும் வருமானம். முடியாதென்றால் அந்தப் பெட்டியைக் கொழும்பிலேயே விட்டுவிடுங்கள். என் கடை மூலையில் இன்னும் ஒன்பது கிடக்கின்றன.