சுயாதீனமும் ஊழியமும்

தமிழில் 'ஆள்' என்றொரு சிறு சொல் உண்டு. வினையாக நிற்குங்கால் அஃது அரசுசெய்தலைக் குறிக்கும். 'நாட்டை ஆண்டான்' என்கின்றோம். பெயராக நிற்குங்காலோ பிறர்க்குப் பணிசெய்வோனையும் குறிக்கும். 'வேலைக்கு ஓர் ஆள் வேண்டும்' என்கின்றோம். அடிமைச் சாசனத்திற்கு முன்னோர் இட்ட பெயரும் 'ஆளோலை' என்பதே. ஆளுகின்றவனும் ஆட்பட்டவனும் ஒரு சொல்லின்கண் உடனுறைதல் நம் மொழியின் விநோதங்களுள் ஒன்றாகும்.

இவ்விநோதத்தை நான் முதன்முறை உணர்ந்தபொழுது, ஜெர்மனி தேசத்து மார்ட்டின் லுத்தர் 1520-ஆம் ஆண்டில் கிறிஸ்தவனுடைய சுயாதீனத்தைக் குறித்து எழுதிய சிறுநூல் என் நினைவிற்கு வந்தது. விசுவாசத்தினால் கிறிஸ்தவன் எவர்க்கும் கீழ்ப்படாத தலைவனாகின்றான். அன்பினாலோ அவனே யாவர்க்கும் கீழ்ப்படிந்த ஊழியனாகின்றான். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாம் என்பது அந்நூலின் கருத்து. தமிழறியாத லுத்தர் நம் 'ஆள்' என்னும் சொல்லுக்கு ஓர் உரை வகுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றிற்று.

ஆயினும் இக்கருத்தை நம் ஆலயங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் பலமுறை கேட்டிருக்கின்றோம். 'சுயாதீனம் என்பது மனம்போனபடி நடத்தலன்று. பிறர்க்கு ஊழியஞ்செய்யும் பொருட்டே நாம் விடுவிக்கப்பட்டோம்' என்று கூறாத போதகர் இலர். கூற்று மெய்யே. ஆனால் அதனுள் மறைந்து கிடக்கும் வினா ஒன்றுண்டு. ஊழியத்தின் பொருட்டு நாம் விட்டுக்கொடுப்பது யாருடைய சுயாதீனத்தை? நம்முடையதையா, அயலானுடையதையா? இவ்வினாவை எழுப்பாமல் அன்பைக் குறித்துப் பேசுவோமாயின், நம் பேச்சு இனிமையாயிருப்பினும் ஒருவர்க்கும் விடுதலை தாராது என்பதே நான் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

முதற்கண், சுயாதீனத்தைக் குறித்துப் பவுல் அப்போஸ்தலன் எழுத நேர்ந்த காரணத்தைக் காண்போம். இந்நாளில் துருக்கி எனப்படும் நாட்டிலிருந்த கலாத்தியா சபைகளில், புறஜாதியாராய்ப் பிறந்து கிறிஸ்துவை ஏற்றோரும் விருத்தசேதனம் பெற்றாலன்றி நிறைவுடையோராகார் என்று சிலர் போதித்தனர். அப்போதனையை மறுத்தெழுந்ததே அந்நிருபம். அதன் இரண்டாம் அதிகாரத்தில் அவர் அந்தியோகியாவில் நடந்த ஒரு செய்தியைக் கூறுகின்றார். பேதுரு அங்கே புறஜாதியாருடன் ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியினின்று விலகிக்கொண்டார். பவுலோ அவரை முகத்துக்கு முகமாய் எதிர்த்தார். ஆதலின் சுயாதீனத்தைப் பற்றிய அப்பெருநிருபம் வெறுங் கொள்கைப் பூசலன்று. யாரோடு யார் அமர்ந்து உண்பது என்னும் பந்தி வழக்கும் அதனுள் அடங்கியுள்ளது. பேதுரு எழுந்து சென்றமையால் பேதுருவிற்கு இழப்பொன்றுமில்லை. பந்தியில் எஞ்சியிருந்து, தாங்கள் தாழ்ந்தோர் என்பதை ஒரு சொல்லும் இன்றி உணர்த்தப்பெற்றார்களே, அப்புறஜாதியாருக்கே இழப்பு.

இனி, அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதுங்கால், விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியை உண்பதில் தனக்குத் தடையில்லையெனினும், அது பலவீனனான சகோதரன் ஒருவனுக்கு இடறலாகுமாயின் தான் அவ்விறைச்சியை என்றும் உண்பதில்லை என்கின்றார். மேலோட்டமாய் நோக்குவார்க்கு இவ்விரண்டும் முரணாகத் தோன்றும். அந்தியோகியாவில் ஓர் அணுவும் விட்டுக்கொடாதவர், கொரிந்துவில் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுப்பது எங்ஙனம்? முரண் இல்லை. கொரிந்துவில் அவர் துறந்தது தம்முடைய இறைச்சியை. அந்தியோகியாவில் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தது பிறருடைய இருக்கையை. தன் உரிமையைத் துறப்பது அன்பு. பிறன் உரிமையைத் துறந்து 'யான் பொறுமையுள்ளவன்' என்பது அன்பன்று. எடுத்துக்கொடுப்பதற்கு அப்பொருள் முதற்கண் நம்முடையதாயிருத்தல் வேண்டுமன்றோ?

இவ்வளவுகோலைக் கொண்டு லுத்தரையே அளந்து பார்ப்போம். அவர் நூல் வெளிவந்து ஐந்தாண்டுகள் கழிந்து, 1525-இல், ஜெர்மனியின் தென்பகுதிக் குடியானவர்கள் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தனர். கிறிஸ்து தம் இரத்தத்தினால் எல்லாரையும் மீட்டிருக்க, தங்களைப் பிரபுக்களின் உடைமைகளாக வைத்திருத்தல் தகாது என்பது அவற்றுள் மூன்றாவது. லுத்தரோ, ஆவிக்குரிய சுயாதீனத்தை இவர்கள் மாம்சத்துக்குரியதாக்கினர் என்று கடிந்தார். கலகம் மூண்டபின், அவர்களை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களை ஏவிக் கொடிய சொற்களால் ஒரு நூலும் எழுதினார். குடியானவரும் கொள்ளையும் கொலையும் செய்தனர் என்பது மெய்யே. எனினும் அவ்வாண்டில் மடிந்த பல்லாயிரம் ஏழைகளை நினையுங்கால், அந்நூலைப் படிக்க நெஞ்சம் நடுங்குகின்றது.

அதே லுத்தரை 1527-இல் காண்மின். விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவிற்று. பல்கலைக்கழகம் வேற்றூருக்கு மாற்றப்பட்டது. அவரும் நீங்கலாம் என்று அரசர் பணித்தும் அவர் நீங்கவில்லை. கருவுற்றிருந்த மனைவியோடு அங்கேயே தங்கினார். அவர் வீடே நோயாளர் விடுதியாயிற்று. இரண்டாண்டு இடைவெளியில் ஒரே மனிதனிடத்து இத்துணை வேறுபாடு ஏன்? 1527-இல் அவர் ஈந்தது தம் உயிரை. 1525-இல் அவர் ஈந்ததோ குடியானவருடைய விடுதலையை. முன்னையது ஊழியம், பின்னையது ஊழியத்தின் போர்வை.

லுத்தரின் வழிவந்த சபையே நம் தமிழ்நாட்டிற்கும் வந்தது. 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் தரங்கம்பாடியிற் கரையிறங்கினர். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும், மறு ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின. அவ்வச்சுப் புத்தகத்தைத் தஞ்சை அரசனுடைய படையிற் சேவகனாயிருந்த இராஜநாயக்கன் என்பார் படித்தார். படித்து மனந்திரும்பிப் பின்னர் உபதேசியாராகிப் பல்லாண்டுகள் உழைத்தார். 1733-இல் ஆரோன் என்பார் தமிழருள் முதற் குருவாக அபிஷேகம் பெற்ற பின்னர், இராஜநாயக்கனுக்கும் குருப்பட்டம் அளிக்கலாமோ என்னும் ஆலோசனை எழுந்தது. அவருடைய பக்தியிலும் உழைப்பிலும் மிஷனெரிமார் குறைகாணவில்லை. ஆனால் அவர் பறையர் குலத்திற் பிறந்தவர். அவர் கையினின்று திருவிருந்தை வாங்க மேற்குலத்தார் இசையார் என்று அஞ்சினர். பட்டம் வேறொருவர்க்குச் சென்றது.

அந்தியோகியாவின் பந்தி தஞ்சையிலும் விரிக்கப்பட்டது. பேதுருவைப் போல் எழுந்தவர்களும் இருந்தார்கள். பவுலைப் போல் எதிர்த்து நின்றவரே இலர். சுவிசேஷம் இராஜநாயக்கனுக்குச் சுயாதீனத்தை ஈந்தது. சபையோ அவர் கையிலிருந்த அப்பத்தைக் கண்டு தயங்கிற்று. மிஷனெரிமார் இதனைப் 'பலவீனர்பால் பொறுமை' என்றே எண்ணியிருப்பர். பொறுமைக்கு விலை கொடுத்தவர் யார்? அவர்களா? அல்லர், இராஜநாயக்கனே.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், சபைக்குள் சாதிவேற்றுமை முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டுமென்று கட்டளையிட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு விலகினர். இருக்கையும் உணவும் உலக வழக்கங்கள். அவை இரட்சிப்பைத் தொடுவன அல்ல. ஆகவே அவற்றில் எங்களைக் கட்டாயப்படுத்தல் சுவிசேஷம் அருளிய சுயாதீனத்துக்கு விரோதம் என்பதே விலகினாருடைய வாதத்தின் சாரம். அதற்கு முன்னரே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இவ்வழக்கங்களைக் காத்து எழுதியவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அப்பெரும் புலவரிடத்து எனக்குள்ள பக்தி சிறிதன்று. அவருடைய தமிழைப் படித்தே வளர்ந்தேன். எனினும் இவ்வொன்றில் அவர் பக்கம் நிற்க என் மனச்சாட்சி இடந்தரவில்லை. சுயாதீனம் என்னும் சொல்லே அயலானை விலக்கி வைக்கும் வேலியாகுமாயின், அச்சொல்லின் உயிர் போயிற்று. எழுத்து மாத்திரமே எஞ்சிற்று.

'பவுலே அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதித்தாரன்றோ?' என்று சிலர் வினவலாம். போதித்தார். ஆயின் அடிமையாயிருப்பவன் விடுதலைபெறக் கூடுமாயின் அதனையே நாடுக என்னும் பொருள்படவும் அவர் எழுதியுள்ளார் என்பது பலர் கொள்கை. ஒநேசிமு என்னும் அடிமையை அவன் தலைவனாகிய பிலேமோனிடத்து அனுப்புங்கால், அவனை இனி அடிமையாகவன்று, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றார். அவன் பட்ட கடன் ஏதேனும் உளதாயின் தம் கணக்கில் வைக்கச் சொல்லுகின்றார். 'என் கணக்கில்' என்பதே ஈண்டு உயிர்நாடி. ஊழியத்தைப் போதிப்பவன் அதன் செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இத்துணையும் பிறர் குற்றமாகக் கூறினேன். என் குற்றத்தையும் கூறாவிடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. சென்ற ஆண்டு எங்கள் விடுதியிற் கிறிஸ்துமஸ் விருந்து நடைபெற்றது. மாணவர் அனைவரும் வரிசையாக இலைமுன் அமர்ந்திருந்தோம். எங்கள் குளியலறைகளை நாள்தோறும் துப்புரவு செய்யும் அம்மையார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, 'நீங்களும் உட்காருங்களேன், அம்மா' என்றேன். அவர் சிரித்து, 'நீங்க எல்லாம் சாப்பிட்டு எழுந்தா எச்சில் இலை எடுக்க ஆள் வேணுமே, தம்பி' என்றார். நானும் சிரித்துவிட்டு உண்ணத் தொடங்கினேன். விருந்து முடிந்தபின் நடந்த கூட்டத்தில், 'அயலானுக்கு ஊழியம்' என்னும் பொருள்பற்றிப் பேசிக் கைதட்டும் பெற்றேன்.

அன்றிரவு படுக்கையிற் கிடந்தபொழுது, அவர் கூறிய 'ஆள்' என்னும் அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. இலக்கண வகுப்பில் நான் வியந்து மகிழ்ந்த அதே சொல். அதன் இரு பொருளையும் நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டிருந்தோம்: ஆள்பவன் நான், ஆள் அவர். அவரை உட்காரச் சொல்வதற்கு எனக்கு ஒரு செலவுமில்லை. நான் எழுந்து இலையெடுத்திருந்தாலன்றோ அவர் உட்கார்ந்திருக்கக் கூடும்? என் இன்சொல்லில் குறையில்லை. என் கால்களே எழவில்லை.

இது சிறு செய்தி எனக் கருதற்க. மனிதக் கழிவை மனிதன் கையால் அகற்றும் தொழிலை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்கியுள்ளன. ஆயினும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கினோர் நச்சுக்காற்றால் மாண்ட செய்திகள் அவற்றிற்குப் பின்னரும் வந்துள்ளன. கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டங்களிலும் சாதியைப் பிரிக்கும் சுவர்கள் எழுந்ததுண்டு. இவை யாவும் ஒரே நாளில் நம்மால் மாறா. ஆனால் நம் பந்தி நம் கையில் உள்ளது.

ஆகவே என் சக மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். வருகின்ற கிறிஸ்துமஸ் விருந்தில், நம் விடுதிகளிற் சமைப்போரும் பெருக்குவோரும் காவல்புரிவோரும் முதற் பந்தியில் நம்மோடு கலந்து அமரட்டும். பரிமாறுதலும் எச்சிலிலை எடுத்தலும் நம்முடையனவாகட்டும். ஒருநாட் சடங்காக அன்று. அன்று தொடங்கி, நம் இலையை நாமே எடுத்தலும் நம் அறையை நாமே துடைத்தலும் ஆண்டு முழுவதும் நிகழட்டும். அதனால் எவருடைய ஊதியமும் குறையாதபடி விடுதிக் குழுவினரிடம் முன்னரே உறுதி பெறுவோமாக. இல்லையேல், மீண்டும் பிறர் பொருளையே நாம் துறந்தவராவோம்.

நாம் படிப்பினாலும் பிறப்பினாலும் சலுகைகள் பல பெற்றவர்கள். எழுந்து நிற்கவும் நமக்கு உரிமையுண்டு, அமர்ந்திருக்கவும் உண்டு. அவ்வுரிமை உடையவனே ஊழியஞ்செய்ய அழைக்கப்பட்டவன். தமக்கென ஓர் இருக்கையும் இல்லாதவரிடத்துச் சென்று தாழ்மையைப் போதிப்பது நம் வேலையன்று. இருக்கையை அளித்து, அவர் அமரும் வரையில் நிற்பதே நம் வேலை. சீஷருடைய கால்களைக் கழுவியவர், எழுந்து, மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்த பின்னரே தண்ணீரைத் தொட்டார். நாமும் முதலில் எழுவோமாக.