140 கோடியில 11 பேர் இல்லையான்னு கேக்கறவங்களுக்கு

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தவறாம வர்ற கேள்வி இது. வர்ற ஜூன் 11-ஆம் தேதி அமெரிக்கா, கனடா, மெக்சிகோன்னு மூணு நாட்டுல உலகக் கோப்பை கால்பந்து தொடங்குது. வாட்ஸ்அப்புல இப்பவே ஆரம்பிச்சாச்சு. "140 கோடி ஜனத்துல பந்து உதைக்க 11 பேர் கிடைக்கலையா?" பக்கத்துல ஒரு சிரிப்பு பொம்மை. போன மாசம் செஞ்சிக் கோட்டை பாக்க வந்த ஒரு குடும்பம், எங்க சிங்கவரம் மலையில ரங்கநாதரையும் சேவிச்சிட்டு இறங்கி வந்து, நிழலுக்கு ஒதுங்கின இடத்துலயும் இதே பேச்சுதான். கோட்டைக்குப் போன வருஷம் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்சதுல இருந்து பட்டணத்து ஆளுங்க வரத்து கூடியிருக்கு. வரட்டும், சந்தோஷம். ஆனா அந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு.

கேக்கறவங்களுக்குக் கணக்கு தெரியல. எங்க ஊர் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுவார். ஒரு சர்வே நம்பர்ல மொத்தப் பரப்பு எவ்வளவு, அதுல பயிர் ஏறினது எவ்வளவு, தரிசு எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும். பத்து ஏக்கர் வச்சிருக்கிறவன் அரை ஏக்கர்ல மல்லாட்டை போட்டா, அரை ஏக்கருக்குத்தான் மூட்டைக் கணக்கு. "பத்து ஏக்கர் வச்சிக்கிட்டு நாலு மூட்டைதானா"ன்னு எவனும் கேக்க மாட்டான். 140 கோடிங்கறது மொத்தப் பரப்பு. அதுல எத்தனை புள்ளைங்களுக்குப் பத்து வயசுல ஒரு பந்து, ஒரு திடல், சொல்லிக்குடுக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கு? அதுதான் பயிர் ஏறின பரப்பு. அதைச் சொல்லிட்டு அப்புறம் விளைச்சலைக் கேளுங்க.

இந்தத் தடவை குராசாவோன்னு ஒரு தீவு உலகக் கோப்பைக்குப் போகுது. ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துச் சொச்சம். எங்க விழுப்புரம் மாவட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது. இதுவரைக்கும் உலகக் கோப்பைக்குப் போனதுலயே ரொம்பச் சின்ன நாடு அதுதான். "அதுல ஆடுறவங்க பாதிக்கு மேல நெதர்லாந்துல பொறந்து வளந்தவங்க"ன்னு யாராவது சொல்வீங்க. சரிதான். நானும் அதைத்தான் சொல்றேன். நெதர்லாந்துல சின்ன வயசுலயே கிளப்புல சேத்துப் பழக்கிவிட்ட பசங்க அவங்க. ஐஸ்லாந்தும் அப்படித்தான். வருஷத்துல பாதி நாள் குளிரும் இருட்டும். உள்ளரங்க மைதானம் கட்டினாங்க, முறையாப் படிச்ச பயிற்சியாளரைச் சின்னப் புள்ளைங்களுக்கே வச்சாங்க. 2018-ல அர்ஜென்டினாவோட ஆடி 1-1-ன்னு நிறுத்தினாங்க. அவங்க ரத்தத்துல ஒண்ணும் தனியா ஓடல.

இனி எனக்கு ரொம்ப நாளா ஆத்திரமா இருக்கிற கதைக்கு வரேன். 1950-ல பிரேசில்ல நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைச்சது. நம்ம தகுதிப் பிரிவுல இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூணும் விலகிட்டதால ஆடாமலே கிடைச்ச இடம். நாம போகல. ஏன் போகலன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நம்ம ஆளுங்க வெறுங்கால்ல ஆடுறவங்க, பூட்ஸ் போடணும்னு சொன்னதால போகல." பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி எல்லாரும் ஒப்பிப்பாங்க. சிலர் இதை உருக்கமா வேற சொல்வாங்க.

இது சௌகரியத்துக்குச் சொன்ன கதை. வெறுங்கால்ல ஆடினது நெசம். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பெரும்பாலானவங்க வெறுங்காலோடதான் பிரான்சை எதிர்த்து ஆடினாங்க. தோத்தது 2-1-ல. ரெண்டு பெனால்டி வாய்ப்பு தவறிப்போச்சு, இல்லேன்னா அந்தக் கதையே வேற. நமக்காக கோல் போட்டவர் பேர் சாரங்கபாணி ராமன். ஆக வெறுங்கால் அங்க குறுக்க வரல. 1950-ல சங்கம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அணியைத் தேர்ந்தெடுக்கிறதுல கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதுமான நேரம் இல்லை. போக்குவரத்துச் செலவுல பெரும்பங்கை பிரேசில்காரங்களே ஏத்துக்கறோம்னு சொல்லியும் போகல. அந்தக் காலத்துல அவங்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிசு, உலகக் கோப்பையோட மதிப்பு தெரியல. அப்ப கேப்டனா இருந்த சைலன் மன்னாவே பின்னாடி சொல்லிட்டார், பூட்ஸ் காரணமே இல்லைன்னு.

இன்னொண்ணும் பாருங்க. 1952-ல ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ். அந்தக் குளிர்லயும் பல பேர் வெறுங்காலோடதான் இறங்கினாங்க. யுகோஸ்லாவியா 10-1-ன்னு அடிச்சு அனுப்பினாங்க. அதுக்கப்புறம்தான் நம்ம சங்கம் பூட்ஸைக் கட்டாயமாக்கினது. ரெண்டு வருஷம் முன்னாடியே பூட்ஸுக்காக உலகக் கோப்பையையே விட்டிருந்தா, 52-ல ஏன் வெறுங்காலோட அனுப்பணும்?

ஆபீஸ்ல மேசை போட்டு உக்காந்தவங்க எடுத்த முடிவு. பழி மட்டும் ஆடுறவன் கால் மேல. 75 வருஷமா அந்தக் கால் சுமந்துக்கிட்டு இருக்கு. கழனியில வெறுங்காலோட நிக்கிற எனக்கு இது சும்மா விளையாட்டுச் செய்தியாத் தெரியல. மகசூல் குறைஞ்சா விவசாயிக்கு விவரம் பத்தலைன்னு சொல்ற அதே வாய்தான் இதையும் சொல்லுது.

பூட்ஸ் போட்ட அடுத்த பத்து வருஷம் என்ன ஆச்சு? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணுலயே 4-2-ன்னு ஜெயிச்சு நாலாவது இடம். நெவில் டிசோசா அந்த ஆட்டத்துல மூணு கோல். 1960 ரோம்ல பிரான்சோட 1-1. அதே ரோம்ல பெருவுக்கு எதிரா கோல் போட்டவர் நம்ம சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக்ஸ்ல இந்திய ஆண்கள் அணி போட்ட கடைசி கோல் இன்னிக்கு வரைக்கும் அதுதான். 1962-ல ஜகார்த்தாவுல தென் கொரியாவை 2-1-ல ஜெயிச்சு ஆசிய விளையாட்டுத் தங்கம். அந்த அணியோட கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ரேஷன் அரிசி தின்ன அதே நாட்டு ஆளுங்கதான் இத்தனையும் பண்ணினது. "நம்ம உடம்பு வாகு பத்தாது"ன்னு சொல்ற தம்பிங்க இதுக்கு ஒரு பதில் சொல்லணும்.

இப்ப உள்ள நெலமை? 2024 ஜூன்ல கத்தார்கிட்ட தோத்தோம். கோட்டைத் தாண்டிப்போன பந்தை இழுத்து கோல் போட்டுட்டாங்கன்னு ஊரே அழுதது. அநியாயம்தான், மறுக்கல. ஆனா அதுக்கு மூணு மாசம் முன்னாடி குவாஹாத்தியில, நம்ம வீட்டுத் திண்ணையில, ஆப்கானிஸ்தான்கிட்ட 2-1-ல தோத்தமே, அதுக்கு யார் அழுதா? உலகக் கோப்பையை 48 அணியா விரிச்சு ஆசியாவுக்கு நேரடியா எட்டு இடம் குடுத்தும் நாம கிட்டக்கூடப் போகல. உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதல் தடவையாப் போறாங்க. 2025 அக்டோபர்ல கோவாவுல சிங்கப்பூர்கிட்ட தோத்து, அடுத்த ஆசியக் கோப்பைக்கும் வழி அடைஞ்சாச்சு.

இதெல்லாம் நடக்கும்போது டிக்கெட் வாங்கி உள்ள போகாத கூட்டம், டிசம்பர்ல மெஸ்ஸி கொல்கத்தா வந்தப்ப ஆயிரக்கணக்குல பணம் குடுத்து சால்ட் லேக் மைதானத்தை ரொப்பிச்சு. அவர் ஆடக்கூட வரல, முகத்தைக் காட்ட வந்தார். பெரிய மனுஷங்க சுத்தி நின்னு மறைச்சுக்கிட்டாங்க, கொஞ்ச நேரத்துல அவரும் கிளம்பிட்டார். ஜனம் நாற்காலியைப் பேத்து எறிஞ்சது. அந்தக் கோவத்துல கால் பங்கை 1950-ல இருந்து சங்கத்துக்காரங்க மேல காட்டியிருந்தா நாம எங்கயோ இருந்திருப்போம்.

பொம்பளைப் புள்ளைங்க கதையைப் பேசாம விட்டா நான் சொன்னது பாதிதான். 1979-80-ல கோழிக்கோட்டுல பெண்கள் ஆசியப் போட்டி நடந்தது, இந்தியா ரெண்டாவது இடம். 1983-லயும் ரெண்டாவது இடம். பெண்களுக்கு உலகக் கோப்பை வந்ததே 1991-லதான். அப்ப ஆசியாவுல ரெண்டாவதா இருந்த அணியை நாம என்ன பண்ணினோம்? கண்டுக்காம விட்டோம். ஆட்டமே ஏற்பாடு பண்ணாததால 2009-ல ஃபிஃபா தரவரிசையில இருந்தே பேர் போச்சு. 2022 ஜனவரியில நம்ம நாட்டுலயே, நவி மும்பையில, ஆசியக் கோப்பை. ஈரானோட ஒரு ஆட்டம் ஆடினாங்க. அதோட சரி. முகாமுக்குள்ள கொரோனா பரவி, ரெண்டாவது ஆட்டத்துக்கு நிறுத்த ஆள் இல்ல, போட்டியிலிருந்தே விலகினதாக் கணக்கு எழுதிட்டாங்க. 2025 ஜூலை 5-ஆம் தேதி அதே அணி சியாங் மாய் போய் தாய்லாந்தை அவங்க ஊர்லயே 2-1-ல ஜெயிச்சாங்க. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்கு இடம் பிடிச்சது அதுதான் முதல் தடவை. அன்னிக்கு உங்க தெருவுல ஒரு வெடி வெடிச்சிருக்குமா?

கடலூர் எங்களுக்கு ஒண்ணும் தூர தேசம் இல்ல. அங்கிருந்து வந்த இந்துமதி கதிரேசன் நாட்டுக்கே ஆடினவங்க, தமிழ்நாடு போலீஸ்ல எஸ்.ஐ. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல மணிப்பூரை ஜெயிச்சு தேசிய சாம்பியன். 2023-ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை ஜெயிச்சு மறுபடியும் சாம்பியன். கடலூர்ல சில பேர் விடாம நின்னு வருஷக்கணக்கா பொண்ணுங்களைப் பழக்கினாங்க, விளைஞ்சது. நான் சொன்ன அடங்கல் கணக்கு இதுதான்.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னும் சொல்லிடறேன். ஏரி வத்தினா மூணு மாசம் பசங்களுக்கு மைதானம், தண்ணி வந்தா அதுவும் இல்ல. பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்குவார், பத்தாவது பரீட்சை முக்கியமாம். அந்தப் பள்ளியில ஒரு பொண்ணு, எங்க தெருதான், ஓட்டத்தைப் பாத்தா நம்ம மனசும் கூட ஓடும். வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க. அவ அம்மாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, வெளக்கு இல்லாத வழியில, அரைக் கிலோமீட்டர் தள்ளி ஏரிக்குள்ள எந்த அம்மா பொண்ணை அனுப்புவா? உடை மாத்த ஒரு மறைவு கிடையாது, கழிப்பறை கிடையாது. "குடும்பத்துல தடை"ன்னு பட்டணத்துல கட்டுரை எழுதறாங்க. ஒரு தெரு வெளக்கு போட்டா பாதித் தடை போயிடும்.

"விவசாயிக்கு எதுக்குய்யா ஃபுட்பால், உரத்துக்குப் பணம் இருக்கா பாரு"ன்னு போன பதிவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருந்தார். உரத்தைப் பத்தியும் எழுதிட்டுத்தான் இருக்கேன். என் பேரப்புள்ளைங்க உழைக்க மட்டும் பொறந்தவங்களா? ஆடக்கூடாதா? கிரிக்கெட் கெடுத்துருச்சுன்னு இன்னொரு கூட்டம். கிரிக்கெட் ஆடற பசங்களும் அதே ஏரியிலதான் ஆடறாங்க, அவங்களுக்கும் திடல் இல்ல.

உங்களால ஆகிற ஒரு வேலை சொல்றேன். நீங்க பொறந்த ஊர்ல புறம்போக்குல திறந்த இடம் எது மிச்சம் இருக்குன்னு அடுத்த தடவை பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ வர்றப்ப விசாரிங்க. அதை யார் கண்ணு வச்சிருக்காங்க, என்ன கட்டிடம் வரப்போகுதுன்னும் விசாரிங்க. எங்க ஊர் ஓரத்துல மேய்க்கால் புறம்போக்கு கொஞ்சம் தப்பிச்சுக் கிடக்கு. அதை விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கி, ரெண்டு வெளக்கும் ஒரு கழிப்பறையும் போடணும்னு வர்ற மே 1 கிராம சபையில தீர்மானம் கேக்கப் போறோம். மனு எழுதியாச்சு. முதல் கையெழுத்து அந்தப் பொண்ணோட அம்மா போட்டாங்க.