முட்டுக்கட்டை போடுங்க பாஸ்!



கல்ச்சுரல்ஸ் வந்தாலே டிராமா டீம் ஒரு லிஸ்ட் நீட்டும். திரை தானா விலகணும், செட் சுத்தணும், ஹீரோ மேலேர்ந்து பறந்து வரணும். உடனே மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ பசங்க, "ரெண்டு மோட்டார், ஒரு பி.எல்.சி. போதும் மச்சி"ன்னு கிளம்பிடுவாங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. மேடையை மெஷின்கிட்ட ஒப்படைக்கறதுக்கு முன்னாடி, அடி அண்ணாமலை பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. அதுல மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊர் இது. மாவட்டமே தெருக்கூத்து மண். புரிசை கண்ணப்ப சம்பந்தன் 2025-ல பத்மஸ்ரீ வாங்கினது இந்தக் கலைக்காகத்தான். கூத்துல திரைன்னா, ரெண்டு பேர் பிடிக்கிற துணி. மோட்டார் இல்லை, ஆனா கன்ட்ரோல் பக்கா! வேஷக்காரர் திரைக்குப் பின்னாடி பாடி, ஆடி, ரெடியானதும்தான் துணி விலகும். அவர் லேட் பண்ணினா துணியும் காத்திருக்கும். மெஷினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. க்யூ குடுத்தா போய்க்கிட்டே இருக்கும். கீழே ஆள் நிக்கறாரான்னு தானா பார்க்காது.

இன்னொரு பாடம் தேர்ல இருக்கு. தீபத் திருவிழாவோட 7-ம் நாள், மாடவீதியில பஞ்ச ரதங்கள் ஓடும். எல்லார் கண்ணும் வடம் பிடிக்கறவங்க மேலதான் இருக்கும். நீங்க சக்கரத்துப் பக்கத்துல முட்டுக்கட்டையோட நடக்கறவங்களைப் பாருங்க. தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் அவங்க கையில இருக்கு. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி 'பெல்' நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே போட்டுக் கொடுத்தது. அப்பவும் முட்டுக்கட்டை ரிட்டையர் ஆகலை! ஆக, ரூல் நம்பர் ஒன்: எப்படி இழுக்கறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, எப்படி நிறுத்தறதுன்னு யோசி.

சரி, சிஸ்டம் வாங்கப் போறீங்களா? மூணு கேள்வி கேளுங்க.

எது நகருது? பக்கவாட்டுல விலகற திரைன்னா ஒரு மோட்டார், ரெண்டு முனையிலும் லிமிட் ஸ்விட்ச், பக்கத்துல ஒரு ஸ்டாப் பட்டன். முடிஞ்சது. ஆள் தலைக்கு மேல எடை தொங்கினா கதையே வேற. லிமிட் ஸ்விட்ச் சொதப்பினா மோட்டாருக்குப் போற கரன்ட்டையே வெட்டற இன்னொரு ஸ்விட்ச், தனித்தனியா முழு எடையையும் தாங்கற ரெண்டு பிரேக், ஓவர்லோடைக் கண்டுபிடிக்க லோடு செல் எல்லாம் வேணும். மேடை இயந்திரங்களுக்குன்னே ஐரோப்பாவில ஈ.என் 17206-னு ஒரு தரநிலை 2020-ல வந்திருக்கு.

கரன்ட் போனா என்ன ஆகும்? பிரேக்கை ஸ்பிரிங் எப்பவும் பிடிச்சு வைக்கணும், கரன்ட் இருந்தா மட்டும் அது விடணும். தலைகீழா இருந்தா, பவர்கட் ஆன நொடியில எடை கீழே! என்கோடர்ல 'அப்சல்யூட்' வகை வாங்கினா, கரன்ட் திரும்பினதும் எங்கே நிக்கறோம்னு அதுக்கே தெரியும். 'இன்க்ரிமென்ட்டல்' வகைக்குப் பெரும்பாலும் மறுபடி ஆரம்பப் புள்ளியைக் காட்டணும்.

ரிப்பேர் யார் பார்ப்பாங்க? ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி டிரைவ் மக்கர் பண்ணினா, உங்க ஊர்ல ஸ்பேர் கிடைக்குமா? இல்லைன்னா, கையால சுத்தற வின்ச் எவ்வளவோ மேல்.

வாங்கியாச்சு. ஆபரேட் பண்றது? 'டெட்மேன்' பட்டன் வையுங்க. அழுத்திப் பிடிச்சா ஓடும், கையை எடுத்தா நின்னுடும். ஆபரேட்டருக்கு மேடை தெரியலையா? தெரியற இடத்துல இன்னொருத்தரை, கையில ஸ்டாப் பட்டனோட நிறுத்துங்க.

இவ்வளவு பில்டப் எதுக்குன்னு கேட்கறீங்களா? நியூயார்க் பிராட்வேயில கோடிக்கணக்குல கொட்டி எடுத்த 'ஸ்பைடர்மேன்' மியூஸிக்கல். 2010 டிசம்பர் 20, ஒரு நடிகர் சுமார் 30 அடி கீழே விழுந்து படுகாயம் அடைஞ்சார். காரணம் கம்ப்யூட்டர் கோளாறு இல்லை. அவரைப் பிடிச்சிருக்க வேண்டிய கயிறோட மறுமுனை மாட்டப்படவே இல்லை! அதுக்கப்புறம் வந்த தீர்வு ரொம்ப சிம்பிள்: ஒருத்தர் மாட்டணும், இன்னொருத்தர் செக் பண்ணணும், ஸ்டேஜ் மேனேஜருக்கு வாய்விட்டுச் சொல்லணும்.

காலேஜ் பட்ஜெட்டுக்கு நம்ம தீர்ப்பு இதுதான். திரைக்கு மோட்டார் போடுங்க. தள்ளற செட்டுக்கு நாலு பசங்க போதும். ஆளைத் தூக்கற ஐடியாவை டிராப் பண்ணுங்க. அது பயிற்சி எடுத்த ரிக்கர்களோட வேலை, யூடியூப் பார்த்துக் கத்துக்கற மேட்டர் இல்லை.

நம்ம ஊர்ல 'முட்டுக்கட்டை போடறான்'னு சொன்னா திட்டு. மேடைக்குப் பின்னாடி மட்டும் அது பாராட்டு. ரிகர்சல்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் "நிறுத்துங்க"ன்னு கத்தினா, காரணம் அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல நிறுத்துங்க. அவன் கத்தினது தப்பாவே இருந்தாலும் கலாய்க்காதீங்க. கலாய்ச்சா, அடுத்த தடவை சரியான நேரத்துல அவன் வாயைத் திறக்க மாட்டான்.