தட்டின் தேதி

ரிங்லெட் தேயிலைத் தோட்டப் பட்டறையிலும் காய்கறிக் கொட்டகையிலும் இரும்புக் குழாயை வெட்ட மின்ரம்பம் தேவைப்படுகிறது. அதன் வெட்டுத் தட்டுக்குப் பற்கள் இல்லை. பிசினால் இறுக்கிய துகள்களே இரும்பை அறுக்கின்றன. மலையின் ஈரம் அப்பிசினைத் தளர்த்தும். எனவே, விரிசல் இல்லாத தட்டெல்லாம் நல்ல தட்டு என நம்புவது தவறு. நடுவளையத்தில் காலாவதித் தேதி பொறிக்கப்பட்டிருக்கும், பார்ப்பவர்தாம் குறைவு!

விநாடிக்கு 80 மீட்டர் என்று குறித்த தட்டின் விளிம்பு, மணிக்கு 288 கிலோமீட்டர் வேகம்வரை சுழலலாம். அவ்வேகத்தில் தட்டு உடைந்தால், சிதறும் துண்டுகளை முதலில் தடுப்பது காப்புமூடியே. அதைக் கழற்றிவிட்டு வெட்டுவதைச் சிலர் திறமை என்கின்றனர். புதுத் தட்டைப் பொருத்தியதும், ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட வேண்டும். பாதுகாப்பான இயந்திரம் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டுச் சட்டம். பழைய தட்டை மாற்றக் கேட்கும் தொழிலாளியை அவர் கடிந்துகொள்ள நியாயமில்லை.