வெள்ளையனுக்கு ஓர் அலகு

நவம்பர் 14 உலக நீரிழிவு தினமாதலால், ஊரில் நடந்த இலவச இரத்தப் பரிசோதனையைப் பற்றியும், பூச்சந்தை வியாபாரிகளும் விசைத்தறித் தொழிலாளரும் காலைப் பசியோடு அங்கே வரிசையில் நின்ற சிரத்தையைப் பற்றியும் இந்த வாரம் எழுத எண்ணியிருந்தேன். ஆனால் அன்று மாலை மருந்துக் கடையொன்றில் கேட்ட பேச்சு அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. இன்சுலினும் ஊசிகளும் வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் தெரிந்த வியாபாரி ஒருவர், “வீட்ல யாருக்கு அண்ணாச்சி சுகர்?” என்று பரிவோடு விசாரித்தார். பூனைக்கு என்று சொன்னேன். “பூனைக்கா ஊசி வாங்குதிய? மனுசனே மருந்துக்கு வழியில்லாம அலையுதான்!” என்றார், கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அந்தக் கேள்வியில் அடங்கிய அபிப்பிராயத்துக்கு மறுமொழி சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

எங்கள் பூனை வெள்ளையனை வாசகர்கள் அறிவார்கள். ஆடித்தபசுத் திருவிழா நெரிசலில் வழிதவறி எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்த குட்டி, வளர்ந்து, கொழுத்து, வீட்டை ஆளத் தொடங்கிய வரலாற்றை இந்தப் பத்தியில் முன்னரே எழுதியிருக்கிறேன். அவன் அண்மையில் கிணற்றடித் தொட்டியை விட்டு அகலாமல் தண்ணீர் குடிப்பதும், வயிறார உண்டும் நாளுக்கு நாள் மெலிவதும், அவன் சிறுநீர் கழித்த மணலில் எறும்பு மொய்ப்பதும் கண்டு கலங்கினோம். பின்னங்கால்களின் குதி தரையில் படியத் தளர்ந்து நடந்ததைக் கண்டபோது, திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். பயந்த பூனைக்கு அந்தப் பயத்தினாலேயே இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும் என்பதனால், ஒருமுறை பார்த்த அளவைக் கொண்டு நீரிழிவை நிச்சயிப்பதில்லை. சிறுநீரையும் பார்த்து, முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃபுருக்டோசமைன் பரிசோதனையையும் செய்த பிறகே நீரிழிவு என்று உறுதி சொன்னார்கள்.

அதுமுதல் எங்கள் வீட்டில் காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும் சந்தியாவந்தனத்துக்குரிய நியமத்தோடு அனுஷ்டிக்கப்படுகின்றன. முதலில் அவன் காதை உள்ளங்கையில் பொதிந்து வெதுவெதுப்பாக்கி, அதன் ஓரத்தில் ஊசிமுனையால் தொட்டு, கடுகளவு எழும் இரத்தத்தைக் கருவியின் பட்டையில் ஏற்றிச் சர்க்கரையைப் பார்க்கிறோம். பின்பு உணவு வைத்து, அவன் உண்பதைக் கண்ணால் கண்ட பிறகே, விலாப்பக்கத் தோலைத் தூக்கிப் பிடித்து ஓர் அலகு (யூனிட்) இன்சுலினை ஏற்றுகிறோம். கிண்ணத்தை முகர்ந்துவிட்டு விலகினாலோ, உண்டதை வாந்தியெடுத்தாலோ, வழக்கமான அளவைப் போடாமல் வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லி அவர் சொற்படி நடக்கவேண்டும். பூனை மாமிச பட்சணி. மாவுப் பொருளை மிகுதியாகக் கையாளும் சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. ஆகவே நம் வீடுகளில் பூனைக்கென்றே பிசைந்து வைக்கும் பால்சோறும் தயிர்ச்சோறும் நின்றுவிட்டன. மாவுச்சத்துக் குறைந்த இறைச்சியுணவு, வைத்தியர் வகுத்த எடைக்குத் தராசில் நிறுத்து வைக்கப்படுகிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: உணவை மட்டும் திடுமென மாற்றி மருந்தைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். பிராணி தள்ளாடினாலோ, வலிப்புக் கண்டாலோ, வாய்க்குள் எதையும் ஊற்றாமல் ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே வைத்தியரிடம் விரையவேண்டும். தொடக்க மாதங்களில் இவ்வளவும் வழுவாது நடந்தால், இன்சுலினே வேண்டாத நிலைக்குத் தேறும் பூனைகளும் உண்டு என்பதே எங்கள் நம்பிக்கைக்கு ஆதாரம்.

ஊசியைப் பற்றி நான் ஓயாமல் எழுதுவதாகச் சில வாசகர்கள் குறைப்படுவார்கள். இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு கொண்ட இன்சுலினும், 100 அலகு கொண்ட இன்சுலினும் ஒரே குளிர்பெட்டியில் அடுத்தடுத்து இருக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசியும், பின்னதற்கு ஆரஞ்சு மூடி ஊசியும் உரியவை. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஒரு கோடு அளவு இழுத்தால் உள்ளே செல்வது ஓர் அலகன்று, இரண்டரை அலகு. பெரிய உடம்பையே வீழ்த்திவிடக்கூடிய இந்தப் பிழை, நான்கைந்து கிலோ எடையுள்ள ஒரு ஜீவனை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பல நாடுகள் 1970, 80களிலேயே மனிதருக்கான மருந்தில் 100 அலகு ஒன்றையே நிலைநிறுத்திக்கொண்டிருக்க, நாம் இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டு, கண் மங்கிய முதியவர்களின் விரல்களை நம்பி வாழ்கிறோம்.

இனி, பூனைக்கு எதற்கு இன்சுலின் என்ற கேள்விக்கு வருகிறேன். மனிதனுக்கு அதை யார் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே எழாது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றி, அதற்கு நீரிழிவு வரக் கண்டபோதுதான் இந்த வியாதி எந்த உறுப்பைப் பற்றியது என்பது விளங்கிற்று. 1921-இன் கோடையில் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களைக் கொண்டே கணையச் சாற்றைச் சோதித்தார்கள். கணையம் இழந்த மார்ஜரி என்னும் நாய் அந்தச் சாற்றினால் ஏறத்தாழ 70 நாள் உயிர் தரித்திருந்தது. 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனை மரணத்தின் வாயிலிலிருந்து மீட்டதும் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்துச் சுத்தி செய்த மருந்துதான். மரபணு நுட்பத்தால் உண்டாக்கிய மனித இன்சுலின் 1982-இல் அங்கீகாரம் பெறும்வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், இன்சுலின் தேவைப்பட்ட சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் கசாப்புக் கூடத்துப் பசுக்களும் பன்றிகளும் விட்டுச்சென்ற கணையங்களால்தான் உயிர் வாழ்ந்தார்கள். ஐம்பத்தோர் அமினோ அமிலங்களாலான இன்சுலினில், பூனையினுடையதற்கும் பசுவினுடையதற்கும் இடையே ஒன்றே ஒன்றுதான் வேறுபடுகிறது. உலகம் நீரிழிவு தினமாகக் கொண்டாடுவது பாண்டிங்கின் பிறந்த நாளை. அந்த நாளில் அந்த நாய்களையும் மாடுகளையும் நினைப்பார் இல்லை.

புற்று மண்ணை ஔஷதமென்று நெற்றியில் இட்டுக்கொண்டு, பாம்பும் தேளும் பொறித்த தகடுகளைக் கோமதியம்மன் சந்நிதியில் காணிக்கை செலுத்தும் ஊர் நம்முடையது. வாயில்லாப் பிராணிகளிடம் மனிதனுக்குள்ள உறவை இந்த ஊருக்கு ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏழைக்கு மருந்தில்லை என்ற அந்த வியாபாரியின் ஆதங்கம் நியாயமானது. அதற்கு அரசாங்கத்தையும் நம் அனைவரையும் அவர் கேட்கட்டும், நானும் உடன் நின்று கேட்கிறேன். ஆனால் பூனைக்குப் போடும் ஊசி ஏழையிடமிருந்து பறித்ததன்று. பிராணிகளிடம் நாம் பட்ட ருணத்தில் ஒரு சிறு பகுதி. கடனைத் திருப்பித் தருபவன் அளவிலே பிழை செய்யலாகாது. ஆதலால் ரதவீதிகளின் மருந்துக் கடைக்காரர்களுக்கு என் விண்ணப்பம் இது: ஊசி கேட்டு வருகிறவர் மனிதருக்குக் கேட்டாலும் பூனைக்குக் கேட்டாலும், குப்பியில் 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே அதற்குரிய ஊசியை எடுத்துக் கொடுங்கள்.